முதலில் துண்டைக் கிழியுங்கள்

கேள்வி: குன்னூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் பதின்மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். வயது 37, படிப்பு பி.காம். அடிப்படைச் சம்பளம் 18,000; எல்லாம் சேர்ந்து கைக்கு 36,400 வருகிறது. கணவர் டூரிஸ்ட் கார் ஓட்டுகிறார். சீசனில் பிள்ளைகளின் ஃபீஸுக்கும் பழைய பாக்கிக்கும் அவர்தான் கொடுப்பார். மழை மாதங்களில் கார் தவணைக்கே நான் கொடுக்க வேண்டியிருக்கும். ஒன்றாம் தேதி சம்பளம் ஏறிவிட்டது என்று மெசேஜ் வரும் அந்த ஒரு நாள்தான் எனக்கு மூச்சு வருகிறது. மகனுக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்டதற்கு, "அப்படின்னா வீட்டிலேயே இருந்துக்கங்க" என்றார் மேலாளர். பதில் சொல்லாமல் சீட்டுக்குத் திரும்பி வந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன், மாதம் 2,500 கிடைக்கிறது. அந்த நாலு மணி நேரம்தான் நான் நானாக இருக்கிறேன். பி.எஃப். பணத்தை எடுத்துக் கடனை அடைத்துவிட்டு ராஜினாமா செய்து, கணக்கு எழுதுவதையே தொழிலாக்கலாமா? அம்மா சிறு வயதில் இலங்கையிலிருந்து வந்து, சேரம்பாடியில் டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். "மாசச் சம்பளத்த எவளாச்சும் கையால தள்ளுவாளா" என்று அழுகிறார். எனக்கு அது பத்தாம்பசலித்தனமாகத் தெரிகிறது. வரவு செலவுக் கணக்கைத் தனித் தாளில் இணைத்திருக்கிறேன்.
பெயர் வேண்டாம், குன்னூர்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை, வேலை பிடிக்காமல் போன ஒருவர் எழுதியது போலிருந்தது. இரண்டாம் தடவை அந்தத் தனித் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். அப்போது வேறு கதை தெரிந்தது.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இப்போது விட வேண்டாம். ஆனால் உங்கள் அம்மா சொல்கிற காரணத்துக்காக இல்லை. இரண்டு வருடம் தாண்டியதும் நீங்கள் விடலாம் என்றுதான் கணக்கு சொல்கிறது. அதற்குள் செய்ய வேண்டியவை இருக்கின்றன.

நான் வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன், அதில் பாதி இந்த மலையில்தான். கூடலூர்க் கிளையில் இருந்தபோது, இலங்கையிலிருந்து திரும்பி வந்த ஒரு பெரியவர் பென்ஷன் நாளில் வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். அவருடைய அப்பா காலத்தில் இருந்த 'துண்டு' பற்றி அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும்போதே கங்காணி முன்பணம் கொடுத்துவிடுவார். அது வளர்ந்துகொண்டே இருக்கும். அந்தத் தோட்டம் பிடிக்கவில்லை, வேறு தோட்டத்துக்குப் போக வேண்டும் என்றால் தோட்டத்தை நடத்துகிற துரை கொடுக்கிற ஒரு துண்டுச் சீட்டு வேண்டும். இந்த ஆளுக்கு இவ்வளவு கடன் இருக்கிறது, இதைக் கொடுத்தால் ஆளை விடுகிறோம் என்று அதில் எழுதியிருக்கும். புதுத் தோட்டம் அந்தப் பணத்தைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். ஆள் மாறினான், துரை மாறினார், கடன் மட்டும் அவன் கூடவே நடந்தது. 1921-இல் சட்டம் போட்டு இலங்கையில் அந்த முறையை ஒழித்தார்கள். உங்கள் அம்மாவுக்கு நேரில் தெரியாது, ஆனால் அவருடைய அம்மா சொல்லக் கேட்டிருப்பார். கேட்டுப் பாருங்கள்.

உங்கள் தாளுக்கு வருகிறேன். தம்பி கல்யாணத்துக்கு வாங்கிய பர்சனல் லோனை, வட்டி குறைவு என்று சொல்லி ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு மாற்றியிருக்கிறீர்கள். மாற்றும்போது மேலே ஒரு ஐம்பதாயிரமும் வாங்கியிருக்கிறீர்கள். அந்தப் பெரியவர் இருந்திருந்தால் இதற்கு என்ன பெயர் சொல்லியிருப்பார் என்று யோசித்தேன்.

அந்தக் கடனுக்கு மாதம் 7,850, இன்னும் 26 மாதம். நகைக்கடன் 1,60,000, அசல் அப்படியே நிற்க, வருடா வருடம் வட்டியைக் கட்டித் திருப்பி வைக்கிறீர்கள், அந்த வட்டி மாதத்துக்கு 1,250 பக்கம் வருகிறது. சீட்டு 3,000. சீட்டைச் சேமிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள்தான் போன வருடமே ஏலம் எடுத்துவிட்டீர்களே, இனி அது கடன்தான். மூன்றும் சேர்ந்து 12,100. உங்கள் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. மாதத்தில் முதல் பத்து நாள் நீங்கள் உழைப்பது, என்றோ செலவழித்து முடித்த பணத்துக்கு.

மொத்தச் செலவு 37,000 என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் இந்த 12,100-ஐக் கழித்தால் 24,900. வாடகை, மளிகை, பள்ளி, அம்மாவின் மருந்து, பஸ், கரண்ட் எல்லாம் அடங்கியது அது. அதாவது, சம்பளம் இல்லாமல் வாழ உங்களுக்கு வேண்டியது 37,000 இல்லை, 25,000. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் உங்கள் மூச்சுத் திணறல் இருக்கிறது. மேலாளர் அப்படிப் பேசியபோது பதில் சொல்லாமல் திரும்பி வந்தீர்களே, அந்தக் கணத்தில் உங்கள் வாயை அடைத்தது ஐந்தாம் தேதித் தவணை. சம்பளம் அதைக் கட்ட உதவுகிறது, அவ்வளவுதான்.

2000-2001 வாக்கில் பொதுத்துறை வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. நானும் விண்ணப்பம் நிரப்பினேன். ஒரு நண்பரோடு சேர்ந்து கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் போடுவதாகத் திட்டம். நிரப்பிய தாள் ஒரு மாதம் மேஜை டிராயரில் கிடந்தது. கடைசியில் கொடுக்கவில்லை. அதில் பயம் எவ்வளவு, புத்தி எவ்வளவு என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. ஆனால் கொடுத்துவிட்டுப் போனவர்களைப் பிறகு பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருவர் கடை வைத்தார், ஒருவர் ஏஜென்சி எடுத்தார், ஒருவர் ஒன்றுமே செய்யவில்லை. நன்றாக இருந்தவர்களிடம் நான் கண்ட ஒரே ஒற்றுமை, போகும்போது கடன் இல்லாமல் போனார்கள் என்பதுதான். திறமை, தைரியம், தொழில் அறிவு எல்லாம் கூடக் குறைய இருந்தது.

இப்போது உங்கள் அம்மாவுக்காகக் கொஞ்சம் பேச வேண்டும். அவர் அழுவதை நீங்கள் பத்தாம்பசலித்தனம் என்று எழுதியிருக்கிறீர்கள். பன்னிரண்டு வயதில், 1975-இல், கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கிய பெண் அவர். இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அழைத்துக்கொள்ளப் போட்ட சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தப்படி வந்த குடும்பங்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு இங்கே தேயிலை போட்டது. அவருடைய அம்மா காலத்தில் கொழுந்து எடை குறைந்தால் 'அரைப் பேர்' போட்டுவிடுவார்கள், நாள் முழுக்க நின்றாலும் பாதிக் கூலி. அந்த வீட்டிலிருந்து வந்தவருக்கு, எடை பார்க்காமல், மழை பார்க்காமல், ஒன்றாம் தேதி முழுசாக வருகிற பணம்தான் விடுதலை. உங்களுக்குச் சிறையாகத் தெரிவதை வாங்கித் தரத்தான் அவர் முப்பது வருடம் கூடை சுமந்தார். அவரிடம் வாதம் செய்யாதீர்கள். கணக்கைக் காட்டுங்கள். கொழுந்து எடையை மனசுக்குள்ளேயே கூட்டிச் சொன்னவர்களுக்குக் கணக்கு புரியும்.

அதற்காக, மாதச் சம்பளம் என்றால் கல்லில் எழுதியது என்றும் நான் சொல்லமாட்டேன். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960-இல் தொடங்கியபோது அங்கே வேலை கிடைத்தவர்களைத்தான் மாப்பிள்ளை பார்க்கத் தேடிப் போனார்கள். மத்திய அரசு நிறுவனம். பிறகு ஃபிலிமே இல்லாத காலம் வந்தது, ஆலை மூடப்பட்டது. இன்னொரு பக்கம், யாருக்கும் கைகட்டி நிற்காத சிறு தேயிலை விவசாயியைப் பாருங்கள். ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர் வைத்து ராஜா மாதிரி இருக்கலாம் என்று வெளியூர்க்காரர் நினைப்பார். பசுந்தேயிலை விலை இறங்கிய வருடங்களில், வீட்டில் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைச் சம்பளமோ டீச்சர் சம்பளமோ ஒன்று இருந்தவர்கள்தான் தோட்டத்தை விற்காமல் தாங்கினார்கள். கடன் மனுக்களோடு வந்த பாஸ்புக்குகளில் இதை நான் நேரில் பார்த்தேன். உங்கள் கணவரையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் யாரிடமும் லீவு கேட்பதில்லை. ஆனால் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் அவருக்கும் லீவு. 2024 மே 7 முதல் மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தபோது ஊரில் கார் ஓட்டுகிறவர்கள் எல்லாம் கலங்கியதை நீங்கள் வீட்டுக்குள்ளேயே பார்த்திருப்பீர்கள்.

கணக்கு எழுதும் தொழிலிலும் அப்படித்தான். ஒரு மேலாளருக்குப் பதில் பதினைந்து கடைக்காரர்கள். ஒன்றாம் தேதிக்குப் பதில் பதினொன்றும் இருபதும். மாதாமாதம் விற்பனையைக் காட்டுகிற ஜிஎஸ்டிஆர்-1 பதினொன்றாம் தேதி, வரி கட்டுகிற 3பி இருபதாம் தேதி. காம்போசிஷன் என்கிற சிறு வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டத்தில் இருப்பவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பதினெட்டாம் தேதி. 3பி ஒரு நாள் தாமதித்தால் 50 ரூபாய் வீதம் ஏறும். பில்லைப் பத்தொன்பதாம் தேதி இரவு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அபராதம் வந்தால் உங்களைத்தான் கேட்பார் கடைக்காரர். பையனுக்குக் காய்ச்சல் என்றால் அவர் "வீட்டிலேயே இருந்துக்கங்க" என்று சொல்லமாட்டார்தான். ஆனால் இருபதாம் தேதி நகராது. பயமுறுத்தவில்லை. உங்களுக்கு இந்தத் தேதிகள் என்னைவிட நன்றாகத் தெரியும். நீங்கள் ஞாயிற்றுக்கிழமையின் நாலு மணி நேரத்தை வைத்து ஒரு முழு மாதத்தைக் கற்பனை செய்கிறீர்கள், அதைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றையும் நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வெலிங்டனிலோ கோத்தகிரியிலோ இதே சம்பளத்துக்கு, மனிதத்தன்மை உள்ள மேலாளரோடு ஒரு வேலை நாளைக்கே கிடைத்தால் போவீர்களா? சட்டென்று "போவேன்" என்று வந்தால், உங்கள் பிரச்சினை சம்பளம் இல்லை, அந்த ஆள். அதற்குத் தொழில் தொடங்க வேண்டியதில்லை, வேறு வேலை தேடினால் போதும். "போகமாட்டேன், எனக்குச் சொந்தமாகத்தான் செய்யணும்" என்றால் மேலே படியுங்கள்.

பி.எஃப். விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. தொடாதீர்கள். 2024-25-க்கு அதற்கு 8.25 சதவீதம் வட்டி கொடுத்தார்கள். உங்கள் பர்சனல் லோன் 15 சதவீதம். இதை எடுத்து அதை அடைத்தால் லாபம் என்று காகிதத்தில் வரும், நீங்களும் போட்டுப் பார்த்திருக்கிறீர்கள். ஆனால் பி.எஃப்.பை எடுத்துக் கடனை அடைத்தவர்களில் பாதிப் பேர் இரண்டு வருடத்தில் மறுபடி கடன் மனுவோடு என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். கடன் வந்த வழி அடைபடவில்லை, அடைக்கிற பணம் மட்டும் தீர்ந்துபோயிருந்தது. வேலையை விட்ட பிறகு உங்களுக்கு வயதான காலத்துக்கென்று சேர்த்து வைக்க வேறு யாரும் இல்லை. பென்ஷன் பகுதியும் அதோடு இருக்கிறது. பத்து வருட சர்வீஸ் தாண்டிவிட்டதால் 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. உங்கள் சர்வீஸுக்குச் சுமார் 2,500 வரும். பெரிய தொகை இல்லை, ஆனால் சாகும்வரை வரும். வேலையை விடும்போது, அந்தப் பென்ஷன் சர்வீஸுக்குச் சான்றான ஸ்கீம் சர்டிஃபிகேட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூடச் சொல்லாத பணம் ஒன்று இருக்கிறது. பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி. கடைசி அடிப்படைச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்க வேண்டும். 18,000-க்கு இன்றைக்கு 1,35,000. பதினைந்து வருடம் முடிந்தால் 1,55,769. உங்கள் 25,000 செலவுக்கு ஆறு மாதம். ராஜினாமா செய்தாலும் கிடைக்கும், ஐந்து வருடம் எப்போதோ தாண்டிவிட்டீர்கள். பதினைந்து வருடம் முடிவதும் பர்சனல் லோன் முடிவதும் ஏறக்குறைய ஒரே மாதத்தில் வருகின்றன. இதைக் கவனித்தபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது.

ஆக, இந்த 26 மாதத்துக்குப் புதுக் கடன் கிடையாது. இருக்கிற கடனுக்கு மேல் இன்னும் தருகிறோம், டாப்-அப் என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். சீட்டு எட்டு மாதத்தில் முடிகிறது. அந்த 3,000-ஐ வீட்டுச் செலவுக்குள் விடாமல் மாதாமாதம் நகைக்கடன் அசலில் கட்டுங்கள், பதினெட்டு மாதத்தில் 54,000. கணவரிடம் பேசி, சீசனில் அவர் கொடுப்பதில் ஃபீஸ் போக வருடத்துக்கு 40,000 இதற்கென்று ஒதுக்கச் சொல்லுங்கள். மே மாதப் பணம் ஜூன் மாத மழையில் கரைவதற்குள் வங்கிக்குப் போய்விட வேண்டும். வட்டி அதிகமான பர்சனல் லோனை முன்கூட்டி அடைப்பதுதானே புத்திசாலித்தனம் என்று கேட்பீர்கள். முன்கூட்டி அடைத்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். குறைவாக இருந்தால் அதையே செய்யுங்கள். ஆனால் நகை வீட்டுக்கு வருவது உங்கள் அம்மாவைச் சமாதானப்படுத்தும், அதற்கும் ஒரு மதிப்பு உண்டு. இப்படிப் போனால் 26 மாத முடிவில் நகைக்கடனில் 25,000 சொச்சம் மிஞ்சும். அதற்கு அடுத்த மூன்று மாதம் போதும். நிற்கப்போகும் தவணைப் பணமே அதை முடித்துவிடும்.

மருத்துவக் காப்பீட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கம்பெனியின் குரூப் பாலிசி ராஜினாமா அன்றோடு முடிந்துவிடும். தனியாக எடுக்கிற பாலிசியில், ஏற்கனவே உள்ள நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். வேலையில் இருக்கும்போதே எடுத்துவிட்டால் அந்தக் காலம் இங்கேயே ஓடிவிடும். அம்மாவின் சர்க்கரையை மறைக்காமல் எழுதுங்கள். பிரீமியம் கூடும், பரவாயில்லை. இன்னொன்று, உங்கள் நியமன உத்தரவை எடுத்துப் படியுங்கள், வெளிவேலை கூடாது என்று இருக்கிறதா, நோட்டீஸ் எத்தனை மாதம் என்று. இருந்தால் அதற்கேற்ப நடந்துகொள்ளுங்கள். கடைகளிலிருந்து வரும் 2,500-ஐயும் வருமான வரிக் கணக்கில் காட்டத் தொடங்குங்கள். சம்பளச் சீட்டு இல்லாத நாளில் வங்கி உங்களிடம் கேட்கப்போவது இரண்டு மூன்று வருட ரிட்டர்ன்தான்.

பி.காம். படித்திருப்பதால் பிறருக்காக ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்கிற ஜிஎஸ்டி பிராக்டிஷனராகப் பதிவு செய்து தேர்வு எழுதலாம். இந்த இரண்டு வருடத்துக்குள் அதை முடித்துவிடுங்கள். கடைக்காரர் கணக்குப் பிள்ளைக்குக் கொடுக்கிற கூலி வேறு, பதிவெண் உள்ளவருக்குக் கொடுக்கிற ஃபீஸ் வேறு. சீசனுக்கு மட்டும் வருமானம் பார்க்கிற ஹோம்ஸ்டேக்காரர்கள், பேக்கரிகள், வர்க்கி போடுகிறவர்கள், காய்கறி மண்டிகள் என்று இந்த ஊரில் கணக்கைச் சாக்குப்பையில் போட்டு வைத்திருப்பவர்கள் ஏராளம். விடும் நாளில் மாதம் பன்னிரண்டாயிரமாவது கையில் வந்துகொண்டிருந்தால், ஆறு மாதப் பணம் பன்னிரண்டு மாதம் தாங்கும். எட்டு கடை, தலைக்கு 1,500. ஞாயிற்றுக்கிழமையில் ஐந்துக்கு மேல் முடியாது என்று நினைக்கிறேன், மீதியைக் கடைசி மூன்று மாதத்தில் பிடியுங்கள். அதற்குள் நாலு கடைகூடச் சேரவில்லை என்றால் ராஜினாமாவை ஆறு மாதம் தள்ளுங்கள். அப்போதும் நஷ்டமில்லை. கடன் இல்லாமல் அதே சீட்டில் உட்கார்ந்திருப்பீர்கள், மேலாளர் பேசும்போது உங்கள் முகம் வேறு மாதிரி இருக்கும்.

விடுவதை மே மாதத்தில் முடிவு செய்யாதீர்கள். மலர்க் கண்காட்சிக் கூட்டத்தைப் பார்த்தால் நம் ஊரில் எல்லாம் நடக்கும் போலத் தோன்றும். நவம்பரில், வடகிழக்குப் பருவமழை குன்னூரைப் பிடித்துக்கொண்டு, கார் ஷெட்டில் நிற்கிற வாரத்தில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். அப்போதும் சரியாக வந்தால் கடிதத்தைக் கொடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை செய்ய ஒரு வேலை இருக்கிறது. இரண்டு கடைக்கும் சேர்த்து 2,500, அதாவது கடைக்கு 1,250. எத்தனை வருடமாக அதே 1,250 என்று நீங்கள் எழுதவில்லை, ஆரம்பித்த நாளிலிருந்தே என்று நினைக்கிறேன். இரண்டு பேரிடமும் 1,500 கேளுங்கள். காரணம் சொல்லிக் கெஞ்ச வேண்டாம், விலைவாசி பேச வேண்டாம். "அடுத்த மாசத்திலிருந்து ஆயிரத்தி ஐந்நூறு" என்று மட்டும் சொல்லிவிட்டு நில்லுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். ஒருவர் மறுத்தால், அந்த நிமிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதையும் சேர்த்து.